மட்டாஞ்சேரி அகப்பையும் ஆறு விழுமியங்களும்

வெளிநாட்டார் காரணமில்லாமல் வருவதில்லை என்று அரசு ஒரு நாள் கண்டுபிடித்தது. அதுவரை அவர்கள் விமானத்தில் வருகிறார்கள் என்று மட்டுமே கோப்பில் இருந்தது.

கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்க முடியாது. எர்ணாகுளத்தில் தேவரா பக்கம் ஒரு மாடியில் பயணியர் உளத்தூண்டல் ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. மூன்று மேசைகள், ஒரு ஏசி, ஒரு துணை இயக்குநர். துணை இயக்குநர் வெங்கிடராமனுக்கு ஒரு கொள்கை உண்டு. ஒருவன் எந்த நாட்டில் பிறந்தானோ, அந்த நாட்டுப் பண்பாட்டு விழுமியம்தான் அவனை இன்ன ஊருக்குப் போ என்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. எந்த விழுமியம் தள்ளியது என்று தெரிந்துவிட்டால், வந்து சேர்ந்தவனுக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அரசே தீர்மானித்துவிடலாம். பயணிக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

இதற்காக அறுபத்து நாலு கேள்விகள் கொண்ட படிவம் தயாரானது. அதில் உயிரான கேள்வி முப்பத்தேழாவது: ‘நீங்கள் இந்த இடத்துக்கு வந்த காரணம் என்ன?’ பதிலாக ஆறு விழுமியங்கள் கொடுத்திருந்தார்கள். பிற பண்பாட்டை மதித்தல், கூட்டு வாழ்வு, தனிமனித விடுதலை, மூத்தோருக்குப் பணிதல், நிச்சயமின்மையைத் தவிர்த்தல், அறிவுத் தாகம். ஏதாவது ஒன்றை டிக் செய்ய வேண்டும். முதல் நகலில் ஏழாவதாக ‘இதர’ என்றும் இருந்தது. இதர என்பது ஒரு விழுமியம் அல்ல என்று வெங்கிடராமன் பச்சை மையில் எழுதி அதை நீக்கினார்.

ஆய்வுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்குத் தெரு தேர்வானது. சுக்கும் மிளகும் மணக்கிற கிடங்குகள், அவற்றின் படிகளில் படுத்து அசைபோடுகிற ஆடுகள், புதிதாகச் செய்த பழைய பொருள்களை விற்கிற கடைகள், நடுவே கழுத்தில் கேமராவோடு வெளிநாட்டார். தெரு முழுவதும் ‘விழுமிய வீதி’ என்று அறிவிக்கப்பட்டது. ஆறு விழுமியங்களில் ஒன்றையாவது நிறைவேற்றும் கடைகள் நீடிக்கலாம். ஒன்றையும் நிறைவேற்றாத கடைகள் முப்பது நாளில் அகற்றப்படும். எல்லாக் கடையிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

ஒச்சம்மாள் கடையில் நோட்டீசை சாயா பாய்லருக்கு மேலே ஒட்டினார்கள். ஆவியில் ஊறி மறுநாளே அது உரிந்து விழுந்தது. விழுந்த நோட்டீசும் செல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. கிடங்குச் சுவரில் சாய்த்த தகரக் கூரை, ஒரு பாய்லர், ஒரு பெஞ்சு, கண்ணாடிப் பெட்டிக்குள் பரிப்புவடை. கடை இவ்வளவுதான். கணவர் வீரபாண்டி எதிர்க் கிடங்கில் சுக்கு புடைக்கிறார். புடைத்த தூசி போக அவர் வீட்டுக்குக் கொண்டுவருவது தும்மல்தான் என்று ஒச்சம்மாள் சொல்வாள். குடும்பம் ஓடுவது பாய்லரில்.

அந்தத் தெருவுக்குப் படிவத்தோடு வந்தவள் அஞ்சு. தேவராக்காரி. பாட்டனார் காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம்; தமிழில் பேசுவாள், எழுதச் சொன்னால் மலையாளத்தில் எழுதுவாள். ஒப்பந்த வேலை. முப்பது நாளில் நானூறு படிவம் நிரப்பினால் ஒப்பந்தம் நீளும். ஒன்பது நாளில் பதினோரு படிவம் சேர்ந்திருந்தது. அறுபத்து நாலு கேள்வியைப் பார்த்ததும் வெளிநாட்டார், எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவரானாலும், ஒரே மாதிரி ஓடினார்கள்.

பத்தாம் நாள் அஞ்சு களைத்துப்போய் ஒச்சம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“சேச்சி, ஒரு சாயா. மதுரம் கூட.”

“சீனி தூக்கலா வேணும்னு தமிழ்ல சொல்லு. படிச்ச பிள்ளை.”

சாயா குடித்து முடிப்பதற்குள் ஏழு வெளிநாட்டார் அந்தக் கடைக்கு வந்தார்கள். பக்கத்தில் ஏசி போட்ட காபிக்கடை காலியாக இருந்தது.

“என்னா சேச்சி இது, தெருவுல உள்ள எல்லா வெள்ளைக்காரனும் இங்கதான வர்றான். வடை அத்தன நல்லாவா இருக்கு?”

“வடையா? அந்த ஆணியப் பாரு.”

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு சிரட்டை அகப்பை, முழ நீளக் காம்பு. காம்பில் கயிறு கட்டி ஒரு சாவி தொங்கியது.

“கடைக்குப் பின்னாடி கிடங்கோட கக்கூஸ் இருக்கு. கிடங்கு பூட்டிக் கிடக்கு. முதலாளி சாவிய எங்கிட்ட குடுத்துட்டு பாத்துக்கன்னார். ரெண்டு வேளை பினாயில் ஊத்திக் கழுவுறேன். இந்தத் தெருவுல வெளியாளு போறதுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். போறவன் வரும்போது ஒரு சாயா குடிப்பான். சும்மா போயிட்டு சும்மா போக அவனுக்கே கூச்சமா இருக்கும்ல.”

“அகப்பை எதுக்கு?”

“மொதச் சாவிய ஒருத்தன் பாக்கெட்ல போட்டுக்கிட்டு அவன் ஊருக்கே போயிட்டான். ரெண்டாவது சாவி உள்ளயே விழுந்திருச்சு. மூணாவத அகப்பையில கட்டிட்டேன். இனி எந்தப் பாக்கெட்ல நுழையும்?”

அஞ்சு படிவத்தின் முப்பத்தேழாவது கேள்வியைப் பார்த்தாள். ஆறு விழுமியங்களிலும் கக்கூஸ் இல்லை.

அன்றிலிருந்து அகப்பை கேட்டு வருகிறவர்களிடம் அவள் முதலில் படிவத்தை நீட்டினாள். வரும்போது அதை வாங்காமல் ஓடுகிற மனிதன் திரும்பும்போது ஓடுவதில்லை என்று கண்டுகொண்டாள். நிதானமாக உட்கார்ந்து அறுபத்து நாலையும் நிரப்பினான். முப்பத்தேழில் மட்டும் எல்லாரும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அவள் ஐந்தாவதைக் காட்டினாள்.

“அது என்னது?” என்றாள் ஒச்சம்மாள்.

“நிச்சயமின்மையைத் தவிர்த்தல். என்ன ஆகுமோன்னு பேடி, அதான் பயம், இல்லாம இருக்கறது.”

“அப்பச் சரியாத்தான இருக்கு.”

வீரபாண்டிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “கக்கூஸ்னு எழுதினா லைசென்ஸ் எங்கன்னு கேப்பான், கடை போச்சு. எழுதாட்டி உன் கடைக்கு என்னா விழுமியம்னு கேப்பான், அப்பவும் போச்சு,” என்று சொல்லித் தும்மினார்.

தேவரா அலுவலகத்துக்கு ஒரே வாரத்தில் இருநூறு படிவங்கள் போய்ச் சேர்ந்தன. அத்தனையும் ஒரே கடை, ஒரே விழுமியம். வெங்கிடராமன் இதை நேரில் காண முடிவு செய்தார். காரைத் தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூன்று நாள் உள்ளிருந்தபடியே களஆய்வு செய்தார்.

அவர் கண்டது இது. வெளிநாட்டவர் முகம் இறுக, வேகமாக வருகிறார். ஒரு பெண்மணி மௌனமாக ஓர் அகப்பையை எடுத்துத் தருகிறார். அவர் அதை இரு கைகளாலும் வாங்கி, நிமிர்த்திப் பிடித்தபடி கடைக்குப் பின்னே மறைகிறார். சில நிமிடங்களில் வெளியே வரும்போது முகத்தில் அப்படியொரு சாந்தி. அகப்பையைத் திருப்பித் தந்து தலைதாழ்த்துகிறார். பிறகு தேநீர். பிறகு மௌனம்.

வெங்கிடராமனின் நோட்டுப் புத்தகம் நிரம்பியது. மேற்கத்தியருக்குச் சராசரி நாலு நிமிஷம், கிழக்கத்தியருக்கு மூன்றேகால். கிழக்கில் காலத்துக்கு மதிப்பு அதிகம் என்பது இதனால் உறுதியானது. ஓர் ஆஸ்திரேலியர் இருபத்தாறு நிமிஷம் உள்ளே இருந்தார். முந்தின நாள் அவர் கும்பளங்கியில் நண்டு சாப்பிட்டிருந்தார். அதற்குப் படிவத்தில் இடமில்லாததால் ‘ஆழ்ந்த ஆன்மிக நாட்டம்’ என்று பதிவானது.

கப்பலில் வந்த இருபத்திரண்டு பேர்தான் சிக்கலை உண்டாக்கினார்கள். அவர்கள் கூட்டு வாழ்வுக்குப் பேர்போன நாட்டினர் என்று அட்டவணை சொன்னது. அதற்கேற்பக் கூட்டமாக வந்தார்கள், வரிசையாக நின்றார்கள். உள்ளே மட்டும் ஒவ்வொருவராகத்தான் போனார்கள். வெங்கிடராமன் ஓர் இரவு யோசித்து, ‘வரிசையில் கூட்டு வாழ்வு, கதவைத் தாண்டியதும் தனிமனித விடுதலை’ என்றொரு புதுக் கோட்பாட்டை நிறுவினார். இது உலகத்தில் வேறெங்கும் கண்டறியப்படாதது என்று அவர் குறிப்பிட்டது பொய்யல்ல. வேறெங்கும் யாரும் தேடியதில்லை.

நாலாம் நாள் காரைவிட்டு இறங்கினார்.

“அம்மா, நான் மூணு நாளாப் பார்த்துண்டிருக்கேன். இந்த அகப்பைச் சடங்கு எத்தனை தலைமுறையா நடக்கறது?”

ஒச்சம்மாள் அஞ்சுவைப் பார்த்தாள். அஞ்சு ஆட்டைப் பார்த்தாள்.

“நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்களே சார். கடைய எடுத்துருவீங்களா?”

“எடுக்கறதா? இதைப் பாதுகாக்கணும். ஆறு விழுமியத்தையும் ஒரே அகப்பையில நிறைவேத்தற இடம் இது. பாரம்பரியச் சடங்கு மையம்னு அறிவிக்கப் போறோம். அந்தப் பின்னறையைப் புனரமைச்சு, விளக்கு வெச்சு…”

விளக்கு என்றதும் ஒச்சம்மாள் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தாள். லைசென்ஸ் போனாலும் போகட்டும் என்று துணிந்தாள்.

“சார், அது கக்கூஸ் சாவி.”

வெங்கிடராமன் புன்னகை செய்தார். இப்படியொரு பதிலை அவர் எதிர்பார்த்திருந்தார்.

“வெளியாளுக்கு உண்மையைச் சொல்லக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கும். எனக்குத் தெரியும்.”

“கட்டுப்பாடெல்லாம் இல்ல சார். போய்ப் பாருங்க. பினாயில் வாசம் அடிக்கும்.”

“சுத்தி கர்மம்,” என்று எழுதிக்கொண்டார்.

“பீங்கான் பதிச்சிருக்கு சார்.”

“மறைக்கறதுக்கு எத்தனை சிரமப்படறா பாரு,” என்று அஞ்சுவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். “அசலான சடங்கு இப்படித்தான் இருக்கும். போலியா இருந்தா உடனே ஆமாம்னு சொல்லியிருப்பா.”

அஞ்சு வாய் திறக்கப் போனாள். அவர் அவள் கையில் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே ஒப்பந்த நீட்டிப்பு இருந்தது. அவள் வாய் மூடிக்கொண்டது. அவளும் சம்பளத்தில் வாழ்கிறவள்தான்.

அறிக்கை வெளியானது. ‘அகப்பை ஏந்தல்’ என்று சடங்குக்குப் பெயரும் வைக்கப்பட்டது. பெயர் வைத்த பிறகு ஒரு பொருள் இல்லாமல் போவது கடினம். பத்து நாளில் தெருவிலிருந்த பழம்பொருள் கடைகளிலெல்லாம் முந்நூறு வருஷத்து அகப்பைகள் வந்து இறங்கின, பாலிஷ் வாசம் போகாமலே. பக்கத்து ஏசி காபிக்கடையில் காபிக்கு அகப்பை வைத்தார்கள். இடப்பள்ளியில் ஒரு துணிக்கடை அகப்பை அச்சிட்ட முண்டு வேட்டிகளை ஓணத்துக்கு முன்பே விற்று முடித்தது. எர்ணாகுளத்துக் கல்யாண வீடொன்றில் மணமக்கள் அகப்பையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேடைக்குப் போகும்போது இறுகியும் இறங்கும்போது சாந்தமாகவும் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னாராம் புகைப்படக்காரர்.

இதற்கிடையே பின்னறையில் வேலை நடந்தது. சடங்கு நடக்கிற இடத்தில் கழிப்பறை இருப்பது முறையல்ல என்று, உள்ளே இருந்த பீங்கானைப் பெயர்த்து எடுத்தார்கள். குழாயை அடைத்தார்கள். தரைக்குச் செம்மண் நிறம், மூலையில் பித்தளை விளக்கு, சுவரில் நாலு மொழியில் விளக்கப் பலகை. புகை படியும் என்று ஒச்சம்மாளின் பாய்லரை அணைக்கச் சொன்னார்கள்.

“கடை இருக்கும்னீங்களே சார்.”

“கடை இருக்கும்மா. சாயாதான் இருக்காது.”

ஒச்சம்மாளுக்குச் ‘சடங்குக் காப்பாளர்’ என்று கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை உட்கார்ந்து அகப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். படிவம் நிரப்பாதவருக்கு அகப்பை கொடுக்கக் கூடாது. அணைந்த பாய்லரை வீரபாண்டி தினமும் வேலைக்குப் போகும்போது ஒருதரம் தொட்டுப் பார்ப்பார். சுடாது. தும்மிவிட்டுப் போவார்.

வெளிநாட்டார் வந்தார்கள். முகம் இறுகப் படிவம் நிரப்பினார்கள். இறுகிய முகத்தோடு அகப்பை வாங்கிப் பின்னே போனார்கள். விளக்கையும் பலகையையும் பார்த்துவிட்டு இன்னும் இறுகிய முகத்தோடு திரும்பி, அகப்பையைப் போட்டுவிட்டுப் படகுத்துறைப் பக்கம் ஓடினார்கள். ‘உணர்வெழுச்சி தாங்கவில்லை’ என்று பதிவானது.

திறப்பு விழா வந்தது. வாழ்த்துரை பதினொரு பேர். வெயில் கடுமை. வெங்கிடராமன் நன்றியுரைக்குக் காத்திருந்த மூன்று மணி நேரத்தில் மூன்று இளநீரும் இரண்டு தம்ளர் மோர்ச் சம்பாரமும் குடித்தார். விருந்தினர் கிளம்பிப் போனார்கள். பந்தலைப் பிரித்தார்கள். அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். கிடங்குகள், ஆடுகள், அகப்பைக் கடைகள். பிறகு வேகமாக ஒச்சம்மாளிடம் வந்தார். முகம் இறுகியிருந்தது.

“அம்மா, இங்க பக்கத்துல எங்கயாவது…”

ஒச்சம்மாள் மௌனமாகப் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

“இது எதுக்கு எனக்கு?”

“நிரப்பாம அகப்பை கொடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் சார். நீங்க போட்டதுதான்.”

“சரி, சுருக்கமா…”

“அறுபத்து நாலும் நிரப்பணுமாம்.”

நின்றபடி நிரப்பினார். கால் மாற்றி மாற்றி நின்று நிரப்பினார். முப்பத்தேழுக்கு வந்ததும் பேனா நின்றது. ஆறையும் படித்தார். மறுபடி படித்தார். நெற்றி வேர்த்தது.

“இதரன்னு ஒண்ணு இருந்ததே.”

“நீங்கதான் எடுத்துட்டீங்க சார்,” என்றாள் அஞ்சு. “பச்சை மை.”

ஐந்தாவதை அவரே டிக் செய்தார். அகப்பையை இரு கைகளாலும் வாங்கி, நிமிர்த்திப் பிடித்தபடி பின்னே ஓடினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாலு மொழியிலும் அவர் எழுதியதே எழுதியிருந்தது. அதில் எந்த மொழியும் உதவவில்லை. திரும்பி வந்தவர் அகப்பையை ஒச்சம்மாள் மடியில் போட்டுவிட்டு, எதிர்க் கிடங்கின் சுவரை நோக்கிப் போனார். அங்கே நம்மூர் ஆட்கள் நாலு பேர் ஏற்கெனவே சுவரைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தார்கள். ஐந்தாவதாகப் போய் நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூட்டு வாழ்வும் தனிமனித விடுதலையும் ஒரே சமயத்தில் நிறைவேறின.

திரும்பி வந்தபோது முகத்தில் அப்படியொரு சாந்தி.

“சார், இப்பவாவது தெரிஞ்சுதா?” என்றாள் ஒச்சம்மாள்.

மனிதர் தவறு செய்யலாம். வெளியான அறிக்கை தவறு செய்ய முடியாது. வெங்கிடராமன் மறுநாளே ஒரு குறிப்பு எழுதினார். ‘சடங்கின் தொன்மையான கட்டமைப்பு புனரமைப்பின்போது சேதமடைந்துள்ளது. மூலப் பீங்கானை மீண்டும் நிறுவி, குழாய் இணைப்போடு, உரிய பாதுகாப்பில் வைக்கவும்.’

பீங்கான் திரும்பி வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. ஒச்சம்மாள் பினாயில் புட்டியைத் தேடி எடுப்பதற்குள், பாதுகாப்பு என்ற சொல்லுக்காக வாசலுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதிப் போட்டார்கள். ஆய்வாளர்கள் மட்டும், அடையாள அட்டையோடு, கயிற்றைத் தாண்டலாம்.

முதல் மூன்று அட்டைகள் தேவராவின் மூன்று மேசைகளுக்குப் போயின. ஒரு வாரத்தில் மட்டாஞ்சேரிப் பக்கம் வேலையாக வருகிற மற்ற அலுவலகத்தார் நாற்பது பேருக்கு ஆய்வில் ஆர்வம் பிறந்தது. பிறகு சுமை தூக்குகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பழம்பொருள் கடைக்காரர்கள். அட்டைக்கு மனுப் போட வேண்டியது ஒரு பக்கம்தான். வீரபாண்டியும் ஒரு அட்டை வாங்கினார். துறை என்ற இடத்தில் ‘சுக்கு’ என்று எழுதியிருந்தார், ஏற்றுக்கொண்டார்கள்.

நம்மில் யாரிடம் இப்போது அட்டை இல்லை? தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் ஆய்வு முடிந்ததா என்று விசாரித்துக்கொள்கிறோம். கல்யாண வீட்டில் பந்தி நடுவே எழுந்து, ஒரு சின்ன ஆராய்ச்சி, இதோ வந்துவிடுகிறேன் என்கிறோம். ஆய்வாளர்களுக்குச் சிந்திக்கத் தேநீர் அவசியம் என்று ஒரு துணைக்குறிப்பு வந்து, பாய்லருக்கும் அனுமதி கிடைத்தது. ஒச்சம்மாளின் கடை பிழைத்தது. ஆணியில் அகப்பை, அகப்பையில் சாவி, சாவிக்குப் பக்கத்தில் அவளுடைய பினாயில். எல்லாம் பழையபடி. வருகிறவர்கள் மட்டும்தான் வேறு ஆட்கள்.

போன மாதம் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியை வந்து இறங்கினார். உள்ளூர் மக்கள் இந்த ஒற்றை அறைக்குக் காலையிலும் மாலையிலும் இத்தனை ஆவலாகப் போய்வருவதற்கு அவர்களுடைய எந்தப் பண்பாட்டு விழுமியம் காரணம் என்று கண்டறிவது அவர் நோக்கம். கையில் எழுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம். வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார்.

நாங்கள் யாரும் தயங்கவில்லை. எல்லாரும் ‘அறிவுத் தாகம்’ என்பதையே டிக் செய்தோம்.

அவர் படிவங்களை அடுக்கி வாங்கிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி நின்றபடி, தானும் ஒருமுறை உள்ளே போகலாமா என்று கேட்டார். முகம் இறுகியிருந்தது. ஒச்சம்மாள் கை, பழக்கத்தில், ஆணிப் பக்கம் போனது.

“சேச்சி, அட்டை இருக்கா கேளுங்க,” என்று வரிசையிலிருந்து ஒருவர் நினைவூட்டினார்.

அட்டை இல்லை. மனுவைப் பரிசீலிக்க ஆறு வாரம் ஆகும் என்று சொன்னோம். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னோம். அதுவரைக்கும் ஆகட்டும் என்று எதிர்ச் சுவரையும் காட்டினோம்.